இடது கால் கால் அங்குலம் குட்டை

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது உடற்பயிற்சி ஆசிரியர்களாக இருக்கும் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கோலூன்றித் தாண்டுவதற்கு இப்போது மூங்கில் இல்லையாம். வில் போல வளைகிற கழி வந்துவிட்டதாம். விழுகிற இடத்தில் மெத்தை போடுகிறார்களாம். "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் சொல்லிக்கொடுத்தீங்க?" என்று கேட்டார்கள். "பயந்துக்கிட்டேதான்" என்றேன். அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். மூங்கில் முறியும் என்று நான் பயந்ததே இல்லை. நான் பயந்ததெல்லாம் ஞானமுத்து சாருக்குத்தான்.

சென்னையில் ஒரு வருஷம் பயிற்சி. அங்கே கற்றதில் பாதி விசில் ஊதுவது, மீதி மூட்டு பிசகினால் கட்டுப் போடுவது. முடித்ததும் வைகைக்கு வடகரையில், செல்லூர்ப் பக்கம் இருந்த ஒரு உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக டிரில் மாஸ்டர் ஆனேன். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்த கதை இது. தற்காலிகம் என்றால், வருஷக் கடைசியில் ஞானமுத்து சார் எழுதும் அறிக்கையில் என் தலையெழுத்து இருக்கிறது என்று அர்த்தம். அவர்தான் பிசிக்கல் டைரக்டர்.

ஒல்லியான மனிதர். சோலா தொப்பி, முழங்கால் வரை காக்கி, அதற்குக் கீழே கம்பளிக் காலுறை. மதுரை வெயிலில் கம்பளிக் காலுறை போட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். சட்டைப் பையில் சுருள் நாடா ஒன்று எப்போதும் இருக்கும், அளப்பதற்கு. கையில் பழுப்புத் தாளில் அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகம். யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் நாடாவை உருவி, பக்கத்தில் இருப்பதை அளப்பார். பெஞ்சு, குழாய், வேப்ப மரத்தின் சுற்றளவு, எதுவானாலும். ஒருதரம் சம்பளம் தாமதமானபோது தலைமையாசிரியரின் மேஜையை, அவர் உட்கார்ந்திருக்கும்போதே, நீளம் அகலம் உயரம் மூன்றும் அளந்து சொல்லிவிட்டு வெளியே வந்தார். நாடா வெளியே வருகிற கிர்ர் என்ற சத்தம் கேட்டாலே பையன்கள் வரிசையில் நின்றுவிடுவார்கள். நானும்தான்.

அந்த நாளில் நகரத்தில் கோலூன்றித் தாண்டுவதற்கு ஒழுங்கான மணல்குழி எங்கள் மைதானத்தில்தான் இருந்தது. அதனால் போலீஸ் சூப்பரிண்டெண்டு துரை தன் ஆள் ஒருவரை எங்களிடம் அனுப்பினார். பெயர் வீரணன். வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, கான்ஸ்டபிள், இருபத்து மூன்று வயது. ஆடு திருடன் ஒருவனை விரட்டிப் போயிருக்கிறார். திருடன் பெரியாற்றுக் கால்வாயில் குதித்து நீந்தி அக்கரை ஏறியிருக்கிறான். நம் ஆள் சீருடை நனைந்துவிடும் என்று அங்கே கிடந்த மூங்கில் ஒன்றை எடுத்து ஊன்றி, கால்வாயை ஒரே தாண்டில் தாண்டி, ஈரத்தோடு நின்ற திருடனைக் காய்ந்த சட்டையோடு பிடித்துவிட்டார். இது துரையின் காதுக்கு எட்டியது. இரண்டு மாதத்தில் ஜில்லா விளையாட்டுப் போட்டி. அதில் இவர் தாண்டவேண்டும் என்று உத்தரவு.

முதல் நாள் குறுக்குக் கம்பை எட்டடியில் வைத்தோம். வீரணன் மின்னல் மாதிரி ஓடி வந்தார். மூங்கிலை ஊன்றினார். அடுத்த நொடி, யாரோ நெஞ்சைப் பிடித்துத் தள்ளியதுபோலப் பக்கவாட்டில் போய் விழுந்தார். எழுந்து உட்கார்ந்து விலாவைத் தடவிக்கொண்டு, "கால்வாயி இம்புட்டுக் கஷ்டம் இல்ல சார்" என்றார்.

இங்கே தொழில் விஷயம் கொஞ்சம் சொல்லவேண்டும். ஓடி வருகிறவன் மூங்கிலின் நுனியை, மணல்குழிக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் மரப்பெட்டியில் குத்துகிறான். அந்தக் கணத்தில் அவன் வலது கை தலைக்கு மேலே நேராக நீண்டிருக்க வேண்டும். இடது கால் அந்தக் கைக்கு நேர் கீழே தரையை மிதித்து எழும்ப வேண்டும். கையிலிருந்து ஒரு குண்டுநூல் தொங்கவிட்டால் அது கால் விரலைத் தொடவேண்டும், அவ்வளவுதான். பெட்டிக்கு ஒரு அடி கிட்டே மிதித்துவிட்டால், உடம்பு எழும்புவதற்கு முன்பே மூங்கில் இழுத்து எறிந்துவிடும். இதை சார் 'உள்மிதி' என்பார். தள்ளி மிதித்தால் மூங்கில் நிமிராமல் பாதியில் நின்று, ஆளைப் புறப்பட்ட பக்கத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து போடும். அது 'வெளிமிதி'. வீரணனுக்கு உள்மிதி. சுத்தமாக ஒரு அடி.

இதற்கு மருந்து சுலபம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பதினைந்து ஸ்டெப் ஓட்டம், இடது காலில் தொடக்கம். இடது காலில் தொடங்கினால் பதினைந்தாவது ஸ்டெப்பும் இடது காலாக வரும், எழும்புவது அந்தக் காலில். ஒரு அடி உள்ளே மிதிக்கிறானா? ஓட்டம் தொடங்கும் குறியை ஒரு அடி பின்னால் தள்ளு. சார் பெட்டியிலிருந்து நாடா பிடித்தார், நான் சுண்ணாம்பில் கோடு போட்டேன். வீரணன் ஓடி வந்தார். ஒரு அடி உள்ளே.

இன்னொரு அடி தள்ளினோம். அப்போதும் ஒரு அடி உள்ளே. மூன்றாவது அடியும் தள்ளினோம். அதற்கு மேல் தள்ள முடியாமல் பள்ளிக்கூடத்து மதில் சுவர் இருந்தது. அந்தச் சுவர் மட்டும் மூன்றடி தள்ளி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருக்காது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சார் சுவரைப் பார்த்தார். கிர்ர் என்றது நாடா. சுவரின் உயரத்தை அளந்து, "ஆறடி நாலங்குலம், மிஸ்டர் சுந்தரம்" என்றார். நான் மரியாதையாகக் குறித்துக்கொண்டேன்.

எங்கள் முறை இதுதான். பெட்டிக்கு இந்தப் பக்கம் சார் மண்டியிட்டு உட்காருவார், அந்தப் பக்கம் நான். மிதிக்கிற இடத்தில் மாவு தூவியிருக்கும். கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, கால் எங்கே விழுகிறது என்று இருவரும் பார்ப்போம். தப்பு நடக்கிற இடத்தில்தானே பார்க்கவேண்டும்? இப்படி ஒரு வாரம் இரண்டு பேரும் தரையை முகர்ந்துகொண்டு கிடந்தோம். வீரணன் விலாவில் பச்சிலை கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப விழுந்தார்.

எட்டாம் நாள் சார் வீரணனையே அளந்தார். மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பு எலும்பிலிருந்து கணுக்கால் எலும்பு வரை, வலது ஒருதரம், இடது ஒருதரம், மறுபடி வலது. பிறகு எழுந்து தொப்பியைக் கழற்றினார். பதவியேற்கும் ஆள் மாதிரி முகம்.

"கண்டுபிடிச்சிட்டேன். இடது கால் கால் அங்குலம் குட்டை."

வீரணன் படுத்தபடியே என்னைப் பார்த்தார். "கால் குட்டையா, கால் அங்குலமா சார்?"

"கால்தான் குட்டை. கால் அங்குலம்."

"எந்தக் கால் சார்?"

இதைத் தெளிவுபடுத்தவே கால் மணி ஆனது. பிறகு சார் தன் செலவிலேயே கால் அங்குலத் தடிப்பில் தோல் அட்டை ஒன்று வெட்டவைத்து, வீரணனின் இடது கான்வாஸ் ஷூவுக்குள் தன் கையாலேயே வைத்தார். மறுநாள் வீரணன் ஓடி வந்தார். ஒரு அடி உள்ளே. "தோல் இன்னும் படியல" என்றார் சார்.

உண்மை எனக்குக் கிடைத்தது முத்தம்மாளிடமிருந்து. மதில் ஓரத்தில், அதாவது எங்கள் ஓட்டக் குறிக்குப் பக்கத்தில், கூடை வைத்து அவித்த கடலை விற்கிற அம்மாள் அவர். ஒரு சாயங்காலம் கடலை வாங்கப் போனேன்.

"அந்தப் போலீஸ்காரத் தம்பி தங்கமான புள்ளைங்க" என்றார் முத்தம்மாள்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"ஒவ்வொரு தடவையும் ஓடுறதுக்கு முன்னாடி கெழக்கப் பாத்துக் கும்புடுது. அப்பறம் அழகா சோத்தாங்கால எடுத்து வச்சுக் கெளம்புது. இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்குறா?"

கடலையை மறந்து விரல் விட்டு எண்ணினேன். வலது காலில் தொடங்கினால் பதினைந்தாவது ஸ்டெப்பும் வலது கால். எழும்ப வேண்டியதோ இடது காலில். அதனால் கடைசியில் அவசரமாகக் குட்டியாய் ஒரு பதினாறாவது ஸ்டெப்பைச் சொருகுகிறார். அதுதான் அந்த ஒரு அடி. குறியை முழுதாக ஒரு ஸ்டெப் தூரம் பின்னால் தள்ளியிருந்தால் அந்தப் பதினாறாவதுக்கும் இடம் கிடைத்துத் தானாகவே சரியாகியிருக்கும். சுவர்தான் நடுவில் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் முடிவை முகர்ந்துகொண்டிருந்தோம். தொடக்கத்தைப் பார்த்தது கடலைக்கூடை மட்டும்தான்.

வீரணனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமா சார். சோத்தாங்கால்தான்."

"பரேடுல லெஃப்ட் ரைட்னு எடது காலத்தானேய்யா மொதல்ல வைக்கிறீங்க?"

"அது சர்க்கார் காரியம் சார். எந்தக் கால வைக்கச் சொல்றாகளோ அந்தக் கால வைப்போம். இது உசுரு சம்பந்தப்பட்டதுல்ல? இம்புட்டு உசரத்துக்குப் போறப்ப பீச்சாங்கால எடுத்து வச்சா வெளங்குமா?"

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"பெரிய சார் புஸ்தகத்த வச்சுப் பேசுறாரு. புஸ்தகத்துக்கு எதுத்தாப்புல என்னத்தச் சொல்றது?"

அவருக்குப் புத்தி சொல்லி இடது காலுக்கு மாற்றலாம் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. காலை மாற்றுவதைவிடக் கணக்கை மாற்றுவது சுலபம். மிதிக்க வேண்டிய இடத்தில் இடது காலை வைத்து நிற்கச் சொன்னேன். அங்கிருந்து எதிர்த் திசையில் பதினான்கு ஸ்டெப் ஓடவிட்டேன். கால் விழுந்த இடம் முதல் நாள் போட்ட குறிக்கு ஐந்தரை அடி முன்னால் இருந்தது. அங்கே சின்னதாக ஒரு செங்கல் துண்டைப் பதித்தேன். பதினான்கு ஸ்டெப், வலதில் தொடக்கம், இடதில் முடிவு. சாமிக்கும் குறை இல்லை, பெட்டிக்கும் குறை இல்லை.

மறுநாள் சார் வழக்கம்போல மண்டியிட்டுக் குனிந்த பிறகு, நான் வீரணனுக்குச் செங்கல்லைக் கண்ணால் காட்டினேன். ஓடி வந்தார். இடது கால் மாவின் நடுவில் முத்திரை குத்தியதுபோல விழுந்தது. மூங்கில் நிமிர்ந்தது. அதோடு சேர்ந்து ஆளும் எழும்பி, எட்டடிக் கம்புக்கு மேலே ஒரு முழம் இடம் விட்டுத் தாண்டி மணலில் விழுந்தார். நான் சாரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"தோல் படிஞ்சிடுச்சு, மிஸ்டர் சுந்தரம்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். வருஷக் கடைசி அறிக்கை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து பன்னிரண்டு நாள், சார் எல்லா ஆசிரியர்களிடமும் அந்தத் தோல் அட்டையின் பெருமையைச் சொன்னார். பக்கத்தில் நின்று நான் தலையாட்டினேன்.

பத்தாம் நாள் வீரணன் முகம் செத்து வந்தார். போலீஸ் லைனில் அவரோடு தங்கியிருந்த ஒருவர் வாடிப்பட்டி ஸ்டேஷனுக்கு டூட்டிக்குப் போன இடத்தில், "நம்ம வீரணனுக்கு ஒரு கால் குட்டையாம், உள்ள அட்ட வச்சுத்தான் ஓடுறான்" என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். வீரணனுக்குப் பரிசம் போட்டு முடிந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேச்சு. பெண்ணின் தகப்பனார் பெரியகருப்பன் காதுக்கு அது போகிறபோது, கால் அங்குலம் நாலங்குலம் ஆகிவிட்டது.

"நொண்டிக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கிறாரு சார். போட்டியன்னைக்கு அவரே வாராராம், கால நேர்ல பாக்க. எனக்கு அந்தப் புள்ளயத்தான் சார் கட்டணும்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். கால்வாயைத் தாண்டிய ஆள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

போட்டி நாள். துரை, அவர் மனைவி, பந்தல், பேண்டு வாத்தியம். எங்கள் செங்கல் துண்டை ஒரு துணியில் கட்டி எடுத்துப் போயிருந்தேன். ஓட்டப் பாதையில் அளந்து வைத்தேன். பெரியகருப்பன் வெள்ளை வேட்டியும் தலையில் உருமாலுமாக, இரண்டு பங்காளிகளோடு நேரே எங்களிடம் வந்தார். கும்பிட்டார்.

"ஐயா, அந்தத் தம்பியோட செருப்பக் கழட்டச் சொல்லுங்க. பாக்கணும்."

சாருக்குச் சம்பந்த விவரம் ஒன்றும் தெரியாது. யாரோ விளையாட்டு ரசிகர் என்று நினைத்துவிட்டார். மலர்ந்த முகத்தோடு வீரணனின் ஷூவிலிருந்து அட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"பாருங்க. இவருக்கு இடது கால் குட்டை. நான்தான் கண்டுபிடிச்சுச் சரிபண்ணேன். இது இல்லேன்னா இவரால தாண்ட முடியாது."

"அப்ப சேதி நெசந்தான்" என்றார் பெரியகருப்பன். துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்கப்பா போவோம்."

வீரணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இல்லாமல் இருந்திருந்தால் நான் அன்றும் தலையாட்டிக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

"சார்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அட்டையால இல்ல சார். அவரு வலது காலத்தான் மொதல்ல வைக்கிறாரு. அதான் உள்மிதி. நான் உங்ககிட்டச் சொல்லாம பதினாலு ஸ்டெப்பா மாத்திட்டேன். அட்டை சும்மா உள்ள கிடக்கு."

பேண்டு வாத்தியம்கூட அந்த நேரம் பார்த்து நின்றது.

"எத்தனை நாளா?" என்றார் சார்.

"பன்னண்டு நாளா சார்."

"பன்னண்டு நாளா நான் ஒரு தோல் துண்டுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

கிர்ர். நாடா வெளியே வந்தது. என்னைத்தான் அளக்கப் போகிறார், என் கதை முடிந்தது என்று நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பெரியகருப்பனிடம், "ஐயா, கொஞ்சம் படுங்க" என்றார்.

"நான் எதுக்குப் படுக்கணும்?"

"படுங்க ஐயா. அளவு பொய் சொல்லாது."

அந்தக் குரலுக்குத் தலைமையாசிரியரே கட்டுப்பட்டவர். பெரியகருப்பன் உருமாலைக் கழற்றிப் பங்காளியிடம் கொடுத்துவிட்டுப் புல்லில் படுத்தார். வலது, இடது, மறுபடி வலது.

"உங்களுக்கு வலது கால் கால் அங்குலம் குட்டை" என்றார் சார். பெரியகருப்பன் எழுந்து உட்கார்ந்து, பார்த்திராத பொருளைப் பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்தார். சார் பங்காளிகளையும் விடவில்லை. ஒருவருக்கு நூலளவு, இன்னொருவருக்கு அரை அங்குலம். என்னைப் படுக்கவைத்தார், எனக்கும் வித்தியாசம் இருந்தது. கடைசியில் நாடாவை என் கையில் கொடுத்து, பந்தலில் துரை பார்த்துக்கொண்டிருக்க, தொப்பியோடு தானே புல்லில் படுத்தார். கம்பளிக் காலுறைக்கு மேல் அளந்தேன்.

"எவ்வளவு?"

"கால் அங்குலம் சார். இடது."

"உரக்கச் சொல்லுங்க, மிஸ்டர் சுந்தரம்."

உரக்கச் சொன்னேன். அவர் எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நான் முதல்லயே இன்னொரு ஆளை அளந்திருக்கணும். ஒரு ஆளை மட்டும் அளந்தா அது அளவே இல்லை" என்றார். என் தொழில் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரி தன் தப்பை இப்படி மைதானத்தில் வைத்து ஒப்புக்கொண்டதை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வருஷக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதினார். அதே அறிக்கையில், பன்னிரண்டு நாள் உண்மையை மறைத்தவன் என்றும் எழுதினார்.

வீரணனை வெறுங்காலோடு தாண்டச் சொன்னார். கம்பு பத்தடியில். மூன்று வாய்ப்பு. முதல் முறை வீரணன் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். எதிரே பந்தலில் சூப்பரிண்டெண்டு துரை எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டார். உடம்பு தானாக விறைத்தது. பரேடுப் பழக்கத்தில் இடது காலை எடுத்து வைத்துப் புறப்பட்டார். பதினான்காவது ஸ்டெப்பில் வலது கால் வந்தது. எழும்பத் தெரியாமல், மூங்கிலைத் தூக்கிப் பிடித்தபடியே கம்புக்கு அடியில் புகுந்து ஓடி, மணலையும் கடந்து அந்தப் பக்கம் போய் நின்று துரைக்கு சல்யூட் வைத்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

இரண்டாவது முறை கம்பு முழங்காலில் பட்டு விழுந்தது. மூன்றாவது முறை சார் பெட்டிப் பக்கம் போகவில்லை. ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு வந்து, வீரணனுக்கும் பந்தலுக்கும் நடுவில், துரை தெரியாதபடி தொப்பியோடு நின்றுகொண்டார். "கும்பிட்டாச்சா? வலது காலை வை" என்றார். புத்தகம் அவர் கக்கத்தில் இருந்தது.

வீரணன் ஓடினார். சார் பக்கத்தில் நின்று நான் ஸ்டெப்பை வாய்விட்டு எண்ணினேன். பதினான்கு. இடது கால், கைக்கு நேர் கீழே. மூங்கில் நிமிர்ந்தது, கால்கள் வானத்தைப் பார்த்தன, உடம்பு கம்புக்கு மேலே வளைந்து திரும்பியது. மணலில் விழுந்து அண்ணாந்து பார்த்தார். கம்பு ஆடியது. நின்றது. நானும் சாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்ததை அதற்கப்புறம்தான் கவனித்தோம், உடனே விட்டுவிட்டோம். அன்று வீரணனுக்கு இரண்டாம் பரிசு. கல்லூரி மாணவர் ஒருவர் இன்னும் நான்கு அங்குலம் அதிகம் தாண்டிவிட்டார்.

பெரியகருப்பன் மணல்குழிக்குள் இறங்கி, வீரணனைக் கைகொடுத்துத் தூக்கி, முதுகில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். "வாங்க மாப்ள" என்றார். தை மாதம் அதிலேயே உறுதியாகிவிட்டது. சார் வெற்றிப் பெருமிதத்தோடு பக்கத்தில் போய், "என்ன ஐயா, இப்ப திருப்திதானே?" என்று கேட்டார்.

"காலு நல்ல காலுதான்யா. அதுல ஒண்ணும் கொறையில்ல" என்றார் பெரியகருப்பன். குறுக்குக் கம்பை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. மொதத் தடவையே மாப்ள அடியால பூந்து சொகமா அந்தப் பக்கம் போயிட்டாரே. மறுபடி எதுக்கு அவரக் கூப்புட்டு மேல போகச் சொன்னீக?"

ஞானமுத்து சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நிறையப் பேருக்குக் கோலூன்றித் தாண்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, பென்ஷனும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரியகருப்பனுக்குச் சொல்ல ஒரு பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.